கசகசா என்று சொன்னது நான்தான்

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

நான் போடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். தினமும் விடிகாலையில் ஜீப்பு ஏறி, மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகிறவர். போன தை மாதம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து செல்போனை நீட்டினார்.

“டீச்சர், இருவது வருசமா அந்த மலையில கெடக்கேன். இந்தப் பூவ நான் பாத்ததே இல்ல. என்னது இது?”

நாலே இதழ். நல்ல சிவப்பு, கசங்கிய பட்டுத்துணி மாதிரி. கேரட் இலைபோலப் பிளந்த இலை. பார்த்ததுமே சொல்லிவிட்டேன், “கசகசாச் செடி குடும்பம்க்கா.” அந்தக் குடும்பத்தில் எங்கள் பக்கம் தானாக முளைப்பதாக நான் அறிந்தது, ரோட்டோரம் மஞ்சளாகப் பூக்கும் பிரமதண்டு ஒன்றுதான். இதுவோ தோட்டத்துக்கு மேலே பாறைச்சரிவில், புல்லுக்குள் நின்றதாம். எனக்குக் கை பரபரத்தது.

“நாளைக்கு ஒரு தண்டை ஒடிச்சுப் பாருங்க. பால் என்ன நிறம், குத்துற மாதிரி சுணைமுடி இருக்கான்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்.”

மறுநாள் அவர் ஒடித்துக்கொண்டிருந்ததைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். என்ன செடி என்று கேட்டதற்கு, அக்கா வெள்ளந்தியாக நான் சொன்னதையே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை போதும். கசகசா என்றால் அபின், அபின் என்றால் இவள்தான் பயிர் பண்ணுகிறாள் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். போனைப் பிடுங்கிப் படங்களை அழித்தார். எல்லார் முன்னாலும் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். இனி ஜீப்பில் ஏற்றக் கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு. எங்கள் தெருவுக்கு அவருக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்சில் மேலே போனோம். சரிவு முழுக்கக் களைக்கொல்லி அடித்துக் கருக்கியிருந்தார்கள். பாறை இடுக்கில் ஒரே ஒரு செடி தப்பியிருந்தது. அதைப் பறித்துக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனேன்.

“அபின் செடி இலை சாம்பல் பூத்து வழவழன்னு இருக்கும், தண்டைச் சுத்திப் பிடிச்சிருக்கும். காய் குண்டா இருக்கும். இதத் தொட்டுப் பாருங்க, சுணை குத்துதா? காய் நீளமா இருக்கா? இது அபின் இல்ல.”

அவர் தொடவில்லை. “மேடம், எதுவா இருந்தா என்ன? எங்களுக்கு எதுக்கு வம்பு?”

“அப்ப அவங்களத் திருடி மாதிரி சோதிச்சது?”

“அது ரொட்டீன்.”

கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்காதான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். கோபத்தில் பாதி என்மேல். படித்தவள் நான். அந்த வார்த்தைக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று யோசிக்காமல், அவரைத் தனியாக அனுப்பினேன்.

செடியை அழுத்திக் காயவைத்து, இந்தச் செடிக் குடும்பத்தை ஆராய்கிற ஒருவருக்கு அனுப்பினேன். அபின் செடி இல்லை என்பது உறுதி என்று எழுதினார். வெள்ளைக்காரன் காலத்து பங்களாத் தோட்டம் எதிலிருந்தாவது விதை பரவியிருக்கலாமாம். ஆனால் இன்ன இனம் என்று சொல்ல முற்றின காயும் இன்னும் சில செடிகளும் வேண்டுமாம். எங்கே போவேன்? எல்லாவற்றையும்தான் கருக்கிவிட்டார்களே.

அந்தக் கடிதத்தைப் படியெடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து ஜீப்பு டிரைவர் அக்கா வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, “நாளையிலருந்து சோலிக்கு வரலாமாம்” என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை.

அக்கா வாசலில் நின்று, தெருவே கேட்கிற குரலில் சொன்னார்: “அபின்னு சொன்ன வாயி இந்தத் தெருவுக்கு வந்து, இல்லைன்னு சொல்லட்டும். அப்பறம் பாப்போம்.”

யாரும் வரவில்லை. அவர் இப்போது வேறு தோட்டத்துக்குப் போகிறார். இன்னும் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம்.