வெயில் வரும்வரை

மணப்பாட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மின் அறையில்தான் அந்த இன்ஜினியர் பெண்ணைப் பார்த்தேன். புயலில் வெளிக்கரண்டு அறுந்து, ஆஸ்பத்திரி தன் சோலார் பேட்டரியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த பகல் அது. தியேட்டரில் என் மனைவிக்குப் பிரசவ ஆபரேஷன். திடீரென வராந்தா விளக்குகள் அணையவும் பதறி அந்த அறைக்கு ஓடினேன்.

ஒல்லியான உருவம். நொடிக்கொரு தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையையே பார்த்திருந்தார்.

"நான்தான் அணைச்சேன் அண்ணாச்சி. பேட்டரி இறங்குது. தானா ஓடுத கண்ட்ரோலர அது போக்குல விட்டா, பேட்டரியக் காப்பாத்த மொத்தக் கரண்டையும் நிறுத்திரும். அதான் கையால ஓட்டுதேன். தியேட்டரும் பச்சப்புள்ள வார்டும் மட்டும் ஓடுது."

"ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"இல்லாமலா? கண்ணாடிய எத்தன தரம் தொடைக்கேன், பாக்கலையா?"

திரையில் பேட்டரியின் கோடு சிவப்பாகி, இன்னும் கீழே போனது. பிறகு மேகம் விலகி ஜன்னலில் வெயில் விழுந்தது. கோடு மெல்ல ஏறியது. சற்று நேரத்தில் நர்ஸ் வந்து, தாயும் மகளும் நலம் என்றார்.

நன்றி சொல்லப் போனவன், வாய் தவறிக் கேட்டுவிட்டேன்: "வெயில் வராம இருந்திருந்தா, தியேட்டர், பச்சப்புள்ள வார்டு, அந்த ரெண்டுல எத அணைச்சிருப்பிய?"

"கேக்காதிய அண்ணாச்சி," என்றார்.

அவர் முன்பே முடிவு செய்து வைத்திருந்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.