ஐப்பசியில் அழிந்த ஆட்டுப் பட்டியல்

பொறியியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடம், எட்டயபுரம் சாலையில் இருந்த ஆடு வளர்ப்போர் சங்கத்துக்கு ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டதும் நான்தான். எந்த வீட்டில் எத்தனை ஆடு, எதற்கு எப்போது தடுப்பூசி போட்டார்கள் என்பதெல்லாம் சங்கத்தில் எழுத்து வேலை பார்த்த அக்காவின் நோட்டுகளில் இருந்தன. மூன்று மாதம் உட்கார்ந்து அத்தனையையும் அவரே தட்டச்சு செய்தார்.

"இனி நோட்டு வேண்டாம்க்கா, ரெண்டும் இருந்தா குழப்பம்" என்றேன். நோட்டுகள் எடைக்குப் போயின.

செய்ய வேண்டியதைப் பட்டியல் போடாமல் எனக்கு வேலை ஓடாது. தமிழில் திரை, கடவுச்சொல், தேடல், அச்சு என்று முடித்ததை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரி மட்டும் அடிபடவில்லை: தரவுக் கோப்பை உரிய இடத்துக்கு மாற்று.

லினக்ஸில் நிரலுக்கு ஓர் இடம், தரவுக்கு ஓர் இடம். நிரல் இருக்கும் இடத்தில் சாதாரணப் பயனர் எழுத முடியாது. விண்டோஸில் பழகிய எனக்கு அது தொந்தரவாகப் பட்டது. தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவில் யாரும் எழுதலாம். சோதனைக்காகத் தரவுக் கோப்பை அதில் வைத்தேன், அங்கேயே விட்டுவிட்டேன். பத்து நாள் யாரும் தொடாத கோப்பை அங்கிருந்து கணினியே அழித்துவிடும் என்று தெரியும். தினமும் திறக்கிற சங்கம்தானே என்று நினைத்தேன்.

ஐப்பசியில் மழை விழுந்தது. கரிசலில் ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். வருடந்தோறும் நடப்பதுபோல எல்லோரும் காட்டுக்குப் போக, சங்கம் இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தது. நானும் அந்த ஊர்க்காரிதான்; இது தெரியாதவள் இல்லை.

திறந்த அன்று அக்கா கணினியைப் போட்டுவிட்டு, அறையைக் கூட்டித் துடைத்து, ஒரு மணி நேரம் கழித்து உட்கார்ந்திருக்கிறார். பட்டியல் காலி. கணினியைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் அது பழைய கோப்புகளை அழிக்கும்; போட்டவுடனே திறந்து பார்த்திருந்தால்கூடத் தப்பியிருக்கும்.

நான் போனபோது நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"பொட்டிக்குள்ள ஓநாய் பூந்துட்டு போல. ஒரு குட்டிகூட மிச்சமில்ல" என்றார் ஆடு மேய்க்கிற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. "இவ எதையோ அமுக்கிட்டா. கம்ப்யூட்டர் இவளுக்கு ஒத்துவராதுன்னு நான் அப்பவே சொன்னேன்லா?"

அக்கா என் பக்கம் சாய்ந்தார். "ஏட்டி, நான் தப்பா எதையும் அமுக்கிட்டனா?"

காரணம் எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. "பாக்கணும்க்கா" என்றேன்.

கோப்பின் இடத்தை மாற்றப் பத்து நிமிடம் ஆனது. தலைவரிடம் எதுவும் சொல்லவில்லை. சங்கத்தில் அக்காவை அதன்பின் கணினிப் பக்கம் விடவில்லை. எந்த ஆட்டுக்கு ஊசி போட்டது என்று வீடு வீடாகக் கேட்டுவர அனுப்பினார்கள். தை மாதம் அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

சில வருடங்கள் கழித்து கோவில்பட்டி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக, "அன்னைக்கு எதைத் தட்டுனேன்னு இன்னும் யோசிக்கேன் பாத்துக்கோ" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். அடிபடாத அந்த வரியிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாக.

அக்கா கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "இதை அன்னைக்கே தலைவர் அண்ணாச்சிகிட்ட சொல்லியிருக்கலாம்லாட்டி?"

கழுகுமலை பஸ் வந்தது. 'வாரேன்' என்று சொல்லாமல் ஏறிப் போனார்.