கடல் ஆலாவும் கரை ஆலாவும்

உண்டிவில் சிறுவர்களின் விளையாட்டுப் பொருள் என்ற கருத்து நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கால்நடை மருத்துவன் என்ற பொறுப்போடு அதை மறுக்கிறேன். தருவைகுளத்தில் என் மேசைக்கு அடிபட்டு வந்த பறவைகளை எய்தவர்கள் அத்தனை பேருக்கும் மீசை நரைத்திருந்தது. ஆட்டுக் கழிச்சலுக்கு நடுவே இதையும் பார்க்கச் சபிக்கப்பட்ட சக மருத்துவர்களே, கேளுங்கள்.

மீன்கூடை நோயாளி

ஒரு காலையில் ரோஸ்மேரி அக்கா மீன்கூடையில் ஓர் ஆலாவைக் கொண்டுவந்தார். கருந்தொப்பி போட்ட வெள்ளைக் கடற்பறவை. இடது சிறகு முறிந்திருந்தது. தசைக்குள் ஓர் ஈயக்குண்டு. வலையின் ஓரம் மூழ்குவதற்காகக் கோப்பது. அவர் கணவர் மிக்கேல், கருவாடு காயும் களத்தில் உண்டிவில்லோடு காவல் இருப்பவர். ஆலா உயிர்மீனைத்தான் பாய்ந்து பிடிக்கும், கருவாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று விரிவாக விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவிய காக்காவத்தான் குறி வச்சாவ சார். இது சொல்லாம கொள்ளாம நடுவுல வந்திட்டு."

புதிய பறவையியல்

களத்துக்கே போனேன். சட்டம் பேசவில்லை. "மீன்கூட்டம் எங்கே இருக்கிறது என்று கடலில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், அண்ணாச்சி?" என்று அப்பாவியாகக் கேட்டேன். மிக்கேல் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆலா எங்கன விழுந்து குத்துதோ, அங்கன வலைய விடணும். அதுதான் எங்களுக்கு வழிகாட்டி."

அந்த வழிகாட்டிதான் என் அட்டைப்பெட்டிக்குள் கட்டோடு கிடக்கிறது என்றேன். அவர் அசரவில்லை. அறிவியல் இதுவரை கண்டறியாத ஒரு பிரிவினையை நின்ற இடத்திலேயே நிறுவினார்.

"அது கடல் ஆலா சார். இது கரையில ஒக்காந்திருந்த ஆலால்லா!"

மருந்துச் சீட்டு

'தினமும் காலையில் புதுச் சாளை மீன் எட்டு. எய்தவரே நேரில் கொண்டுவரவும்' என்று எழுதி, சீட்டை ரோஸ்மேரி அக்காவிடம் கொடுத்தேன். மருந்து வேலை செய்தது. முதல் வாரம் மீனை வாசலில் வைத்துவிட்டு ஓடிய மிக்கேல், இரண்டாம் வாரம் பெட்டிக்கு முன்னால் குந்தி, "தின்னுட்டி" என்று கெஞ்சினார். மூன்றாம் வாரம் கட்டைப் பிரித்தேன். வலது சிறகு விரிந்தது. இடது தொங்கியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொருக்க நல்லா இழுத்துக் கட்டுங்க சார். பறக்கலன்னா ரோஸ்மேரி என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா."

மறுபடியும் கட்டினேன்.

ஆலா பறக்கவில்லை, களத்தின்மேல் இப்போது உண்டிவில்லுக்குப் பதிலாக மிக்கேல் ஒரு பழைய வலையை விரித்திருக்கிறார், அதன் ஓரத்து ஈயக்குண்டுகளில் ஒன்று மட்டும் குறைகிறது.