பால் கவர் நட்சத்திரம்

கிறிஸ்துமஸுக்காக எங்கள் விவேக் நகர் வீட்டு வாசலில் கலர் பேப்பர் நட்சத்திரம் செய்து மாட்டினேன். எட்டு வயது மகள் ஷெரின், கழுவிய பால் கவர்களைத் துடைப்பக் குச்சிகளில் ஒட்டித் தனியாக ஒன்று செய்தாள்.

"குப்பைய வாசல்ல மாட்டினா மானம் போயிடும்டி" என்று அதைப் பின்பக்கம் தொங்கவிட்டேன்.

அன்று மாலையே மழை கொட்டியது. என் நட்சத்திரத்தில் குச்சிதான் மிச்சம். அவளுடையது நீலமும் பச்சையுமாகப் பளபளத்தது. வெட்கத்தை விட்டு அதையே வாசலில் மாட்டினேன்.

எதிர்வீட்டு மேரி, "சூப்பரா கீதுக்கா, எந்தக் கடையில வாங்குனீங்க?" என்றாள்.

"கடையா? நாந்தான் செஞ்சேன் ஆன்ட்டி!" தெருவுக்கே கேட்டது ஷெரினின் குரல்.

இப்போதெல்லாம் பால் கவரை நான் பல்லால் கிழிப்பதில்லை. கத்தரிக்கோலால் மூலையை மட்டும் வெட்டுகிறேன். கொஞ்சம் கூடுதலாக வெட்டினாலும் ஷெரினிடம் திட்டு விழும்.