ஆர்கனும் மதினியின் செல்லோவும்

என் மதினி கல்யாணமாகி வந்தபோது, சீர்வரிசையைவிட ஊர் அதிகம் பேசியது அவள் கொண்டுவந்த செல்லோவைத்தான். வயலினுக்குப் பெரியப்பா மாதிரி நெஞ்சுயர வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழுக்க வேண்டும். நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா அவளுக்குப் பழக்கி, சீமைக்குத் திரும்பும்போது அதையும் கொடுத்துவிட்டுப் போனாராம்.

துறைமுகத்தில் வேலையிலிருந்த என் அண்ணன், யுத்தம் முடிந்த கையோடு கொழும்பிலிருந்து அவளுக்கு ஒரு இசைப் புத்தகம் வரவழைத்தான். ஆர்கனோடு சேர்ந்து வாசிக்க செல்லோ, அது இல்லையென்றால் பஸூன், அதுவும் கிடைக்காவிட்டால் டிராம்போன் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. எல்லாம் அடித்தொண்டை வாத்தியங்கள். எங்கள் வேதக்கோயிலில் ஆர்கன் வாசிப்பவள் நான். காலால் மிதித்துக் காற்றடைக்கும் ஆர்கன் அது. எத்தனையோ பாட்டு நோட்டு பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. செல்லோ கீழே இறங்குகிற இடத்தில் ஆர்கனின் இடது கை மேலே ஏறி வழிவிடும். செல்லோ அடிமட்டத்துக்கே போய்விட்டால் ஆர்கனுக்கு வெறும் மௌனக் குறிதான். எழுதிய புண்ணியவான் யாரோ, அடுத்தவரைப் பேசவிட்டுக் கேட்கத் தெரிந்தவன்!

கோயிலில் வாசிக்க மதினிக்குக் கொள்ளை ஆசை. "வீட்டுக்குள்ள சுவத்துக்கு வாசிக்கவா படிச்சேன்?" என்பாள். ஆனால் கோயில் நிர்வாகம் பார்க்கும் சேகர கமிட்டியில் ஜவுளிக்கடை அண்ணாச்சி வைத்ததுதான் சட்டம்.

"பொம்பளப்பிள்ள காலுக்கு நடுவுல வச்சு இழுக்கதா? ஆராதனையிலயா?" என்று குதித்தார். குருவானவர் மன்றாடிய பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்.

"காணிக்கை எடுக்கையில ஒரே ஒரு தடவ. சபைக்குப் பிடிக்கலன்னா அதோட தலைமுழுகிரணும்."

கொழும்புப் புத்தகத்திலிருந்து நாங்கள் தேர்ந்தெடுத்தது, எங்கள் பாமாலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு ராகம். தெரிந்த ராகம் என்றால் சபைக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டோம். அட, எங்கள் புத்தியை என்ன சொல்ல! ராகம் காதில் விழுந்தால் எழுந்து நின்று பாடுவதுதான் எங்கள் சபையாரின் பழக்கம். அது எங்கள் மண்டையில் உறைக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதினி சேலையை முழங்காலைச் சுற்றி விசாலமாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வரி இழுத்ததுதான் தாமதம், சபை முழுக்க எழுந்து பாட ஆரம்பித்துவிட்டது. காணிக்கைப் பை பிடித்தவர்களும் நின்ற இடத்திலேயே பாடினார்கள். அண்ணாச்சி குரல்தான் எல்லாருக்கும் மேலே. செல்லோ அந்த இரைச்சலில் முங்கிப்போனது. கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு, அதையும் பாடியே கெடுக்கிறார்களே! நிறுத்திவிடலாமா என்று மதினியைப் பார்த்தேன். அவள் முகம் சிவந்து கிடந்தது.

"நிறுத்தாத, ஏளா. மிதி!" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. மிதித்தேன்.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதற்கு எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். புத்தகத்தில் அங்கேதான் ஆர்கனுக்கு மௌனம். நான் கையை எடுத்தேன். மதினி அதே ராகத்தை அடித்தந்திக்குக் கொண்டுபோனாள், தன்னந்தனியாக. அந்த ஆழத்துக்கு எந்தத் தொண்டை இறங்கும்? கூடப் பாட ஒருவராலும் முடியவில்லை. என் காலுக்கடியில் பலகை அதிர்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன வாசிப்பு அது, என்ன நெஞ்சழுத்தம்! திறந்த வாய் திறந்தபடி சபை நின்றது. கடைசி சுரம் அடங்கும்வரை யாரும் உட்காரவில்லை.

ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி நேரே எங்களிடம் வந்தார். நான் பதறி எழுந்தேன். மதினி எழவில்லை, வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் செல்லோவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வாரம் என்ன வாசிக்கப் போற?"

மதினி நிமிர்ந்து பார்த்தாள்.

"வாசிக்கேன், அண்ணாச்சி. ஆனா நீங்க பாடக்கூடாது."

அவர் நெஞ்சில் கைவைத்தார்.

"வாயத் தொறக்க மாட்டேன், தாயி."