கட்டைவிரலுக்கு ஒரு சிவப்புப் பலூன்

சிவப்புப் பலூனின் வாயைப் பல்லால் கடித்து அகற்றி, அதற்குள் வலக்கைக் கட்டைவிரலை நுழைத்து, அடியில் நூலால் இறுகக் கட்டிய பிறகுதான் மரியபுஷ்பம் நடவு வயலில் இறங்குகிறார். கரிய சேற்றுக்கும் பச்சை நாற்றுக்கும் நடுவே அந்த ஒற்றை விரல் மட்டும் திருவிழாவுக்குப் புறப்பட்டதைப் போலிருக்கிறது.

உண்மையில் அது திருவிழாவிலிருந்து வந்ததுதான். வேளாங்கண்ணியில் கொடியிறங்கிய மறுநாள், காற்றுத் தாங்காதென்று கடைக்காரர்கள் கழித்த பலூன்களை அவர் மடிநிறைய அள்ளிவந்தார். "பேரப்புள்ளைக்கா?" என்று கேட்டவர்களிடம், "ஏன், நான் வெளையாடக் கூடாதா?" என்றார்.

காரணம் விளையாட்டன்று. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வாய்க்காலையொட்டிய அச்சிற்றூரின் பகுதிநேர நியாயவிலைக் கடையில், விரல் ரேகை பதிந்தால்தான் அரிசி. நடவுச் சேறு ரேகையைத் தின்றுவிடுகிறது. அவருக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கட்டைவிரல் ரேகை ஒன்றே. கருவிழியைப் பார்க்கும் கருவி அக்கடைக்கு இன்னும் வந்துசேரவில்லை. குடும்ப அட்டையில் இருப்பதும் அவர் ஒருவரின் பெயரே. ரேகைக்குப் பதிலாக ரகசிய எண் வரும்படி அதில் பதிந்துள்ள கைப்பேசி எண் மகள் எப்போதோ கைவிட்டது, அழைத்தால் கோயம்புத்தூர் பேக்கரிக்காரர் ஒருவர் எடுத்து, "கேக் வேணுங்களா?" என்கிறார். சென்ற ஆண்டு நடவின்போது விரல் பதியாமல் ஒரு மாத அரிசி போயிற்று. அம்மாதம் முழுவதும் மரியபுஷ்பம் கஞ்சியில் நீரைக் கூட்டிக்கொண்டே போனார்.

"ஊரு நெல்லையெல்லாம் நட்டது இந்த வெரலு. அந்தப் பொட்டிக்கு மட்டும் நான் யாருன்னு தெரியலையாம்" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிக்கிறார். அவர் சிரித்தால் நடவு வரிசை முழுவதும் நிமிர்ந்து நின்று சிரிக்கும். வயல்காரர் பாடு திண்டாட்டம்.

மாதத்தின் கடைசி நாள். அன்று தவறினால் அம்மாத அரிசி இல்லை. சர்க்கரை வாங்க வரிசையில் நின்ற என் விரலை அந்த இயந்திரம் முதல் தொடுதலிலேயே ஏற்றுக்கொண்டது. சேறறியாத விரல் அது. அடுத்து வந்த மரியபுஷ்பம், மோதிரம் கழற்றும் மணப்பெண்ணைப் போலப் பலூனை மெல்ல உருவினார். உள்ளிருந்து வெளுத்துச் சுருங்கிய ஒரு விரல் வெளிப்பட்டது. சேற்றைத் தடுத்த பலூன் வியர்வையை உள்ளேயே தேக்கிவிட்டது. இயந்திரம் மறுத்தது.

"யக்கா, இது வெரலா, ஊறவச்ச கொண்டக்கடலையா?" என்றார் விற்பனையாளர் ஹாஜா மைதீன்.

"சுண்டல் கேட்டா வந்தேன்? அரிசியப் போடு தம்பி."

"மெஷின் ஒத்துக்கணுமேக்கா. போய்க் காயவச்சிட்டு வாங்க. ஒரு மணிக்கு நான் அடுத்த ஊருக் கடையைத் தொறக்கணும்."

மரியபுஷ்பம் சாலையோரம் சென்று, கட்டைவிரலை வெயிலுக்கு நேரே உயர்த்தி நின்றார். உடனே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

"எங்க போகணும், ஏறுங்க."

"எங்கயும் போகல தம்பி. வெரலக் காயவக்கிறேன்."

வண்டிக்காரர் விரலையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். அடுத்து மினிபஸ் நின்றது.

"சீக்கிரம் ஏறும்மா" என்றார் நடத்துநர்.

"நான் ஒன்னக் கூப்புடலய்யா."

"அப்பறம் எதுக்குக் கட்டவெரலக் காட்டுற?"

"வெயிலுக்குக் காட்டுறேன். ஒனக்கில்ல."

பேருந்து முழுவதும் சிரித்தது. மரியபுஷ்பமும் வயிற்றை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கை விரலை மட்டும் அசையவிடாமல், கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

திரும்பி வந்தவர், இயந்திரத்தைத் தொடுமுன் அதே விரலால் நெற்றியில் சிறு சிலுவையிட்டு, உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"ஒதட்டுல வக்காதீங்கக்கா, திரும்ப ஊறிரும்" என்று பதறினார் ஹாஜா மைதீன்.

உதட்டுச் சிலுவை காற்றிலேயே முடிந்தது. விரல் கண்ணாடியில் அழுந்தியது. இயந்திரம் நெடுநேரம் யோசித்துவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது. அரிசி பைக்குள் விழும் ஓசைக்கு மரியபுஷ்பம் தலையை ஆட்டித் தாளம் போட்டார்.

வரிசையின் கடைசியில், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்கிவிட்டு ஓடிவந்த கமருன்னிஸா நின்றிருந்தார். முந்தானையில் எவ்வளவு துடைத்தும் அவருடைய ஊறிய விரலையும் இயந்திரம் மறுத்தது. அவர் வெறும் பையை மடிக்கத் தொடங்கினார். ஹாஜா மைதீன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு பூட்டைக் கையிலெடுத்தார்.

மரியபுஷ்பம் தம் அரிசிப் பையை இழுத்துவந்து, கதவைச் சாத்த முடியாதபடி கடைவாசலின் குறுக்கே கிடத்தினார். பிறகு கமருன்னிஸாவின் மணிக்கட்டைப் பற்றிச் சாலைக்கு அழைத்துச் சென்று, அவருடைய கட்டைவிரலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, துணைக்குத் தம் விரலையும் பக்கத்தில் உயர்த்திக்கொண்டார்.