குதிரைக்கு நடை சொல்லிக்கொடுக்கும் பிழைப்பு

குதிரைக்கு நடக்கச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பிறந்த அன்றைக்கே அது எழுந்து நடந்துவிடும் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் சிக்கல்.

டிரெஸ்ஸாஜ் என்று இதற்குப் பெயர். மணல் திடலில் நடை, ஓட்டம், வட்டம், நிறுத்தம் எல்லாவற்றையும் சொன்ன இடத்தில் அழகாகச் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவர் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். மேலே இருப்பவர் என்ன சொன்னார் என்பது குதிரைக்கு மட்டும் தெரிய வேண்டும், பார்ப்பவர்களுக்குத் தெரியவே கூடாது. பெங்களூரில் இதைக் கற்றுக்கொண்டு வந்து இண்டூர் பக்கம் ஒரு பள்ளி திறந்தேன். ‘என்ன வேலை பாக்கறீங்க?’ என்ற கேள்விக்கு அரை மணி நேரம் விளக்கம் சொல்லும்படி மாட்டிக்கொண்டவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

வட்டம்

திறந்த புதிதில் ஒருவர் வேலி ஓரம் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். நான் செம்பி என்ற பெண்குதிரையை ஒரே அளவான வட்டத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். முட்டை மாதிரி கோணிப் போகாமல் வட்டம் வட்டமாகவே இருப்பது பெரிய வித்தை. மனுஷர் அசையாமல் பார்த்தார். ஊரில் ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

கிட்டே போய், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “சுத்துறது நல்லாத்தாங்க சுத்துது. எண்ணெ எந்தப் பக்கமா வருதுங்க?”

எழுத்து

திடலைச் சுற்றி எழுத்துப் பலகைகள் நிற்கும். ஒரு எழுத்தில் திரும்பு, இன்னொன்றில் நில் என்பார்கள். ஏ-யில் ஆரம்பித்தால் அடுத்தது கே, அப்புறம் ஈ, அப்புறம் ஹெச். ஏன் இந்த வரிசை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவருக்கும் தெரியாது. பலகை எழுத அரூரிலிருந்து ஒரு பெயிண்டரை வரவழைத்தேன். எழுதி முடித்து அவரே நட்டும் வைத்தார், ஏபிசிடி என்று வரிசை பிசகாமல்.

பிடுங்கி மாற்றி நடச் சொன்னதும் மனுஷர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “மாத்தறேங்க. ஆனா கீழ என் பேர எழுதியிருக்கேன், அத மட்டும் அழிச்சிடறேங்க.”

வாய்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் முருகேசன் என் முதல் மாணவர். வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. சிறு வயதிலிருந்து ஏர் ஓட்டியவர், ஆகவே செம்பியையும் ‘ஹோய்’, ‘த்தா’ என்றுதான் ஓட்டினார். போட்டியில் வாயைத் திறந்தால் மார்க் போய்விடும். அந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் செம்பி மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். அவர் பைக் சத்தம் கேட்டாலே அதுவும் கனைக்கும்.

ஒரு நாள் அவர் மனைவி செல்வி வந்தார். மாப்பிள்ளை ஊர்வலம் எப்போது என்று பங்காளிகள் இவரைக் கிண்டல் பண்ணுகிறார்களாம். வரப்போகும் பெங்களூர் போட்டிக்குத் தானும் வருவதாகச் சொன்னார். முருகேசன் முகம் சுருங்கிவிட்டது. செல்வி என் பக்கம் திரும்பினார். “ஒரே ஒரு போட்டிங்க மாஸ்டர். அங்கயும் நாலு பேரு சிரிச்சாங்கன்னா, இவரு குதிரைய மறந்துட்டுத் தோப்பப் பாக்கட்டும்.”

வணக்கம்

போட்டியில் உள்ளே போனதும் திடல் நடுவில் நின்று நடுவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். இரண்டு கடிவாள வாரையும் ஒரு கையில் பிடித்து, மறு கையைத் தொங்கவிட்டுத் தலையை மட்டும் குனிய வேண்டும். முருகேசனுக்கு இது அத்துப்படி. ஆனால் பெங்களூரில் அன்றைக்கு எதிரே நடுவராக உட்கார்ந்திருந்தவர் நரைத்த தலையும் கண்ணாடியுமாக ஒரு பெரியம்மா. முருகேசன் செம்பியை நேராக நிறுத்தினார். அவரைப் பார்த்தார். வாரை இரண்டு கையிலிருந்தும் விட்டுவிட்டு, நெஞ்சுக்கு நேரே கைகூப்பி நிதானமாகக் கும்பிட்டார்.

பந்தலில் கொல்லென்று சிரிப்பு. என் பக்கத்தில் நின்ற செல்வியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் செம்பி அசையவில்லை. வார் கழுத்தில் தளர்ந்து கிடக்க, காதைக்கூட ஆட்டாமல் நின்றது. முருகேசன் மறுபடி வாரை எடுத்து, மிச்சத்தை வாயைத் திறக்காமல் முடித்தார். வணக்கத்துக்கு மார்க் போனது, பரிசும் இல்லை.

வெளியே வந்தவர் செம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “பெரியவங்கள ஒத்தக் கையால எப்பிடிங்க மாஸ்டர் கும்புடறது?” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். செல்வி குதிரையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார். “சிரிச்சாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா இவரப் பாத்துத்தான சிரிச்சாங்க, குதிரையப் பாத்தா சிரிச்சாங்க? அது ஒழுங்காத்தான நின்னுது, அத இவரு எதுக்குங்க மறக்கணும்? அடுத்த போட்டி எப்பங்க மாஸ்டர்?”

டிரெஸ்ஸாஜில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மார்க்தான் போடுவார், தீர்ப்புச் சொல்கிறவர் எப்போதும் நம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார்.